பக்தி வரிசையில் பொருளாதாரம்

புத்தகம் அங்கே இல்லை.

கிருபா தரையில் குத்தவைத்து, பக்தி அலமாரியின் கீழ்த்தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். சிவப்புத் துணி ஒட்டிய தடித்த முதுகுகள் இடைவெளி இல்லாமல் நின்றன. வரிசை நிறைந்துதான் இருந்தது. அவள் வைத்தது மட்டும் இல்லை. புதன்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்புகிற மும்முரத்தில் இருந்த நேரம் பார்த்து, இந்த வரிசையின் நடுவில்தான் பொருளாதாரத் தொகுதியைச் செருகிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை சொந்தக்காரர் கல்யாணத்துக்காக வாசுதேவநல்லூர் போய்விட்டாள். இன்று வெள்ளி. நடுவில் அவள் இந்தப் பக்கம் வராதது ஒரே ஒரு நாள்.

யாரிடமாவது கேட்கலாம் என்றால் அதுவும் முடியாது. 'அது அங்கன எப்படி வந்துச்சு' என்று முதல் கேள்வி அவள் பக்கம்தான் திரும்பும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்தது அந்த நூலகம். சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடிப் புத்தகம் போகும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம் கூடும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, நூலகத்தின் வார விடுமுறையில், அலமாரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். அந்த வேலைக்கு மாலை வகுப்புப் பிள்ளைகள் வந்து கைகொடுக்க வேண்டும் என்பது நூலகர் உமாதேவியின் ஏற்பாடு. நூலகம் மூடிய பிறகு ஹாலை மட்டும் திறந்துவிட்டு, குரூப் நாலு தேர்வுக்குப் படிக்கிறவர்களை உட்கார வைத்ததும் அவர்தான். மேலே யாரும் எழுதிக் கொடுத்த உத்தரவு கிடையாது. வாசகர் வட்டத் தலைவர் நெல்லையப்பனிடம் பேசி, "நான் பொறுப்பு" என்று வாய்வார்த்தை கொடுத்து வாங்கிய அனுமதி. தேர்வுக்கான ஐந்து தொகுதிகளையும் நெல்லையப்பனே வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஐந்து தொகுதிகள், படிக்கிறவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாத குறிப்புதவிப் புத்தகங்கள். சாயங்காலம் யார் முந்தி வருகிறார்களோ அவர்கள் கையில் புத்தகம். பிந்தி வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான். அதனால் ஒரு வழக்கம் தானாக முளைத்துவிட்டது. போகும்போது புத்தகத்தை அதன் இடத்தில் வைக்காமல் வேறெங்காவது ஒளித்துவிட்டுப் போவது. ஜோயல் மலையாளப் புத்தகங்களுக்குள் ஒளிப்பான். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த அந்தப் புத்தகங்களை யாரும் தொடுவதில்லை. இன்னொருத்தி யாருக்கும் எட்டாத மேல்தட்டுக்கு நாற்காலி போட்டு ஏறுவாள். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். எந்தப் புத்தகம் கிழிந்தாலும் தென்காசி பைண்டர் ஒரே சிவப்புத் துணியைத்தான் ஒட்டித் தருவார். தொகுதிகளுக்கும் அதே துணி. முதுகில் வெள்ளை எண் தவிர வேறு அடையாளம் இல்லாததால், எங்கே செருகினாலும் கலந்துவிடும்.

கிருபா பக்தி வரிசையைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண் தேவாரத்துக்கும் தல புராணத்துக்கும் நடுவில் எதையோ வைத்திருப்பாள் என்று யாருக்கும் தோன்றாது. அவள் வந்த நாளிலிருந்து அந்தத் தட்டிலிருந்து ஒரு புத்தகம் வெளியே போய்ப் பார்த்ததும் இல்லை.

அப்படியென்றால் எடுத்தவர் அவள் வைத்ததைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

*

சரிபார்ப்பில் உமாதேவி கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. குறிப்புதவி அலமாரியில் அன்று காலை நான்கு தொகுதிகள் ஒழுங்காக நின்றன. சரிபார்ப்பு நாள் என்று தெரிந்து, ஒளித்தவர்கள் எல்லாரும் முன்கூட்டியே வந்து கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கிருபாவும் அதற்காகத்தான் எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தாள்.

"பொருளாதாரம் எங்க?" என்றார் உமாதேவி.

வெளியே சாரல் தகரக் கூரையில் படபடத்துவிட்டு ஓய்ந்தது.

"நான் யாரையும் திருடின்னு சொல்லல, திருடன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழம கூட்டத்துக்கு நெல்லையப்பன் அண்ணாச்சி வருவாவ. வந்ததும் முதல்ல அவங்க குடுத்த புத்தகத்ததான் பாப்பாவ. ஒண்ணு குறைஞ்சா, 'பிள்ளையகிட்ட ஹாலக் குடுத்தா இப்படித்தான்'னு சொல்லுவாவ. அதுக்கு எங்கிட்ட பதில் கிடையாது. கூட்டத்துக்கு முன்னால புத்தகம் வரலைன்னா திங்கள்கிழமையில இருந்து ஹால் கிடையாது. நானே பூட்டிருவேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடக் கிருபாவுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. அவர் களைத்துப் போய்ச் சொன்னார்.

கிருபாவின் வீடு அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்கட்டு. ஒரே அறை. அதில் தொலைக்காட்சி, அண்ணன் பிள்ளைகள், மிளகாய் மூட்டை. அங்கே படித்து இரண்டு முறை தேர்வு எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாள். இந்த ஹாலுக்கு வந்த பிறகுதான் மாதிரித் தேர்வுகளில் அவள் பெயர் மேலே ஏறத் தொடங்கியது. இது போனால் அவளுக்குப் படிக்க இடம் இல்லை. அப்பாவும், "ரெண்டு தடவை பாத்தாச்சுல்லா, கடையில வந்து உக்காரு" என்று எப்போது சொல்லலாம் என்று காத்திருந்தார்.

அவள் எதையும் அடுக்கிப் பார்க்கிற ஆள். அலமாரியைத் துடைத்துக்கொண்டே புதன்கிழமை சாயங்காலத்தை மனதுக்குள் மேசை மேசையாக வரைந்தாள். ஜோயல் ஜன்னலோரம், முதுகைக் காட்டிக்கொண்டு. அவனுக்குப் பக்கத்தில் இரண்டு பேர், சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பக்தி அலமாரியை நேருக்கு நேர் பார்க்கிற நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்திருந்தவள் மிஸ்ரியா.

மிஸ்ரியாவா? கிருபாவுக்கே அது நம்பும்படி இல்லை. வகுப்பில் பக்கத்து இடம் அவளுடையது. டிபன் பெட்டியைத் திறந்தால் பாதியை இவள் பக்கம் தள்ளிவிடுகிறவள். ஆனால் போன மாதம் மாதிரித் தேர்வில் பொருளாதாரத்தில் மட்டும் கிருபாவைவிட மூன்று மதிப்பெண் குறைந்தது அவளுக்குத்தான். அன்று அவள் சிரித்துக்கொண்டே, "அந்தப் புத்தகம் எப்பவும் உன் கையிலயே இருக்கு, நான் எங்கனட்டிப் படிக்கது" என்று சொன்னாள். அப்போது அது விளையாட்டுப் பேச்சாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் எழும்பி நின்றது.

அன்று சாயங்காலம் கிருபா ஒரு சோதனை வைத்தாள். பொருளாதாரத் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் மட்டும் இருக்கிற ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, ஏதோ தனக்கு மறந்துவிட்டது போல, "ஏட்டி, நபார்டு வங்கி எந்தக் குழுவோட பரிந்துரையில வந்துச்சு?" என்று கேட்டாள்.

மிஸ்ரியா தலையைத் தூக்காமலே, "சிவராமன் குழு" என்றாள்.

"எப்படிட்டி உடனே சொல்லுத?"

"படிச்சா சொல்ல வேண்டியதுதானே. என்ன, பரீட்சை வைக்கியா?"

படிப்பதற்குப் புத்தகம் வேண்டுமே. மிஸ்ரியா பழைய குறிப்பிலிருந்தும் படித்திருக்கலாம், வேறு எங்கிருந்தும் படித்திருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. கிருபாவுக்கு எப்போதும் அப்படி ஒரு குரல் உண்டு. எழுதிய விடையை அழித்துத் தப்பான விடையை எழுத வைக்கிற குரலும் அதுதான். அதைக் கேட்டுக் கேட்டு இரண்டு தேர்வு போயிற்று. இந்த முறை கேட்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஜோயல் பக்கத்தில் வந்து நின்றான்.

"யாருன்னு உனக்கு ஏதும் தோணுதா?" என்று அவன் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்" என்றாள். பிறகு, தானே எதிர்பாராமல், "மிஸ்ரியா பை இன்னைக்கு ரொம்ப கனமா இருக்காப்ல இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஜோயலுக்கு அது போதும். அவன் வாய் சும்மா இருக்காது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரம் கிசுகிசுப்பு. பிறகு யாரோ ஒருத்தர் எழுந்து, "மேடம், எல்லார் பையையும் ஒரு தடவை பாத்திருவோமே, யாருக்கும் மனக்கசப்பு இருக்காதுல்லா" என்றார். உமாதேவிக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எல்லார் பையும் என்று பேச்சு. ஆனால் எல்லார் கண்ணும் போனது ஒரு பைக்குத்தான். மிஸ்ரியா பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். குறிப்பேடுகள், டிபன் பெட்டி, குடை, தம்பிக்கு வாங்கிய சிலேட்டு. கனம் சிலேட்டினுடையது.

"பாத்தாச்சா?" என்றாள். "பர்தாவையும் உதறிக் காட்டணுமா?"

"அப்படியெல்லாம் யாரும் சொல்லலியே" என்று ஜோயல் முனகினான்.

"சரிலே, நீ சொல்லல. ஒனக்கு யாரு சொன்னா?"

ஜோயல் கிருபாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாடே பார்த்ததற்குச் சமமாக இருந்தது. மிஸ்ரியா சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். கிளம்பும்போது கிருபாவிடம், "வாரேன்" என்று வழக்கம்போலச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை கிருபாவை வீடு வரை துரத்தியது. கோபம் இருந்தால் ஏன் சொன்னாள்? கோபம் இல்லையென்றால் எப்படி இல்லாமல் இருக்கும்? புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பாளோ?

*

சனிக்கிழமை கதை சொல்ல வேண்டிய முறை மிஸ்ரியாவுடையது. அவள் வரவில்லை. குழந்தைகள் பாயில் உருண்டுகொண்டிருந்தார்கள். கிருபா ஏதோ ஒரு நரிக் கதையை ஆரம்பித்து, நரி எங்கே போயிற்று என்று தனக்கே மறந்து, நடுவில் தடுமாறினாள். "அக்கா, நரி இன்னும் கெணத்துக்குள்ளதான் இருக்கு" என்று ஒரு வாண்டு நினைவூட்டியது. மிஸ்ரியா வராதது கிருபாவுக்கு ஒரு ஒப்புதல் வாக்குமூலம் போலவே பட்டது. செய்தவள்தான் முகம் காட்ட மாட்டாள்.

கதை முடிந்து குழந்தைகளை அழைத்துப்போக வந்த ஒரு அம்மாள் உமாதேவியின் மேசைக்குப் போனார்.

"ஆடி பிறந்தாச்சு மேடம், அம்மன் வரலாறு ஏதாச்சும் இருந்தாக் குடுங்களேன்."

"ஐயோ, அம்மன் புத்தகம் எல்லாம் வீட்டு வாசகருக்குப் போயிட்டும்மா. முந்தாநாளே நாறும்பூ கொண்டு போயாச்சு. ஆடி வந்தா எங்களுக்கு இதே பாடுதான், பதினோரு மாசம் தூங்கும், ஒரு மாசம் சண்டை போடும்."

கிருபா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

பக்தி அலமாரிக்குப் போய் மறுபடியும் குத்தவைத்தாள். இந்த முறை முதுகுகளைத் தடவவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். தோட்டக்கலை. மாடு வளர்ப்பு. சோதிடம். தட்டின் பாதி வரை பக்கத்துத் தட்டின் புத்தகங்கள். மாதக்கணக்காக அந்த வரிசையில் ஒளித்து எடுத்திருக்கிறாள். ஒருநாளாவது அந்தப் புத்தகங்களின் பெயரை அவள் படித்ததில்லை. அவளுக்கு அவை சிவப்பு முதுகுகள், அவ்வளவே. ஆடி மாதம் என்று ஒன்று வரும், அப்போது அந்த முதுகுகளுக்கெல்லாம் உயிர் வரும் என்பது வகுப்பில் வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள்.

நாறும்பூநாதன் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகிற தன்னார்வலர். பகலில் லாரி ஷெட்டில் வேலை.

"அண்ணே, வியாழக்கிழமை பக்தி புத்தகம் யாருக்குக் கொண்டு போனிய?"

"குத்தாலத்துல லோகநாயகி அக்காவுக்கு. எண்ணெய்க் கடைக்காரர் வீடு. கால் ஒடிஞ்சு கிடக்காவ, பாவம். ஆடி வெள்ளிக்கு முந்தி வேணும்னு போன் மேல போன். நான் வரிசையா அப்படியே வாரிப் பைக்குள்ள போட்டுட்டுப் போயிட்டேன். ஏன் கேக்க?"

"எடுத்த இடம் காலியா இல்லியே?"

"ஓட்டை தெரிஞ்சா மேடத்துக்குப் பிடிக்காதுல்லா. பக்கத்துல இருந்து நகட்டி வச்சிட்டேன்."

"என்னென்ன புத்தகம்னு பாத்து எழுதலியா?"

"போகும்போது எத்தனைன்னு எழுதுவோம். வரும்போதுதான் பேரு. அந்த வீட்டுல ஒருத்தரா படிக்கா? அக்கா படிப்பாவ, அவங்க நாத்தனா படிப்பா, எதிர் வீடு வாங்கிட்டுப் போகும். முதல்லயே பேர எழுதி என்ன செய்ய?"

கிருபாவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. ஹால் போகாது. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த கணமே இன்னொன்று வந்து அழுத்தியது. புத்தகம் கிடைத்தால் அது பக்தி வரிசைக்கு எப்படிப் போனது என்பதும் கூடவே கிடைக்கும். யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துவிட்டால்? ஹால் பிழைக்கும். மிஸ்ரியாவின் பெயர் மட்டும் அப்படியே கிடக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிருபா பேருந்து ஏறினாள்.

*

சீசன் கூட்டம். ஈரத் துணியும் எண்ணெய் வாடையுமாகப் பேருந்து நிறைந்திருந்தது. குற்றாலத்தில் இறங்கி, கடைகளுக்குப் பின்னால் போகிற சந்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். முன் அறைக் கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி, லோகநாயகி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மடியில் விரித்து வைத்திருந்தது கிருபாவின் புத்தகம். அந்த முதுகின் எண் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"யாரும்மா?"

"லைப்ரரியில இருந்து வாரேன்க்கா. உங்களுக்கு வந்த புத்தகத்துல ஒண்ணு மாறி வந்துட்டு. அதை வாங்கிட்டுப் போவோம்னு."

லோகநாயகி புத்தகத்தை மூடினார். கொடுக்கவில்லை, அணைத்துக்கொண்டார்.

"லைப்ரரின்னா நாறும்பூதானே வருவான். உன் கார்டு எங்க?"

"எங்கிட்ட கார்டு கிடையாதுக்கா. நான் அங்கன படிக்கேன்."

"சீசன் நேரத்துல வாசல்ல வந்து நிக்கவங்கள நம்ப முடியாதும்மா. போன வாரம் ஒருத்தன் கரண்டு ஆபீஸ்னு வந்து எதிர் வீட்டு ஃபேனக் கழட்டிட்டுப் போயிட்டான்." கிருபாவை மேலும் கீழும் பார்த்தார். "அதுவும் இந்த ஒரு புத்தகத்துக்கு எத்தனை பேரு வருவிய? காலைல ஒரு பிள்ளை வந்துச்சு. இதே கதைதான். மாறி வந்துட்டுக்கா, தாங்கக்கான்னு."

"எந்தப் பிள்ளை?"

"துலுக்கப் பிள்ளை ஒண்ணு. பர்தா போட்டுக்கிட்டு. மிஸ்ரியான்னு பேரு சொன்னா. மரியாதையாத்தான் கேட்டா. நாறும்பூவைக் கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டேன்."

காலையில் கதை சொல்ல வராத மிஸ்ரியா இங்கேதான் வந்திருக்கிறாள். அப்படியென்றால் புதன்கிழமை ஒளித்ததையும் பார்த்திருக்கிறாள், வியாழக்கிழமை நாறும்பூநாதன் வாரிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறாள். பையைக் கவிழ்த்தபோது எல்லாம் தெரிந்துதான் கவிழ்த்திருக்கிறாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? புத்தகத்தை ரகசியமாக வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள நினைத்தாளோ? இத்தனைக்குப் பிறகும் தன் புத்தி அந்தப் பக்கமே போவதைக் கவனித்துக் கிருபாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் புத்தி அங்கிருந்து நகரவில்லை.

"என்ன இருக்கு அப்படி இதுல?" என்றார் லோகநாயகி. "முதல்ல எடுத்ததும் இது எந்தச் சாமிக்குன்னே புரியல. நாலு பக்கம் தாண்டினதும் விட முடியல. அவரு கடைக்கு லோன் கேட்டு பேங்குல என்ன சொல்லித் திருப்பி அனுப்புனானோ அதெல்லாம் இதுல வருது. நான் முடிக்காமத் தர மாட்டேன். பதினைஞ்சு நாள் கணக்கு இருக்குல்லா?"

"அக்கா, நாளைக்குக் கூட்டம். புத்தகம் இல்லைன்னா எங்க ஹாலப் பூட்டிருவாங்க. தயவு பண்ணுங்க."

"அப்ப மேடத்துகிட்டயே கேட்டிருவோம்" என்று லோகநாயகி தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்தார். கிருபா "வேண்டாம்" என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. ஒலிபெருக்கியில் உமாதேவியின் குரல் அறையை நிறைத்தது.

"சொல்லுங்க லோகநாயகி, கால் எப்படி இருக்கு?"

"கால் கிடக்கட்டும் மேடம். நீங்க அனுப்புனதுல பொருளாதாரம்னு ஒரு புத்தகம் இருக்கு. அதைக் கேட்டு ஆளு மாத்தி ஆளு வாராங்க. இப்ப ஒரு பிள்ளை வந்து நிக்கா. குடுக்கலாமா?"

"அங்கயா இருக்கு?" என்று உமாதேவி மெதுவாகக் கேட்டார். "வந்திருக்கது யாரு? பேரக் கேளுங்க."

லோகநாயகி கிருபாவைப் பார்த்தார். "பேரு என்னம்மா?"

வேறு பெயர் சொல்லலாம். சொல்லாமல் இறங்கிப் போய்விடலாம். இந்த அம்மாளுக்கு அவளைத் தெரியாது. காலையில் வந்த பெயர் ஒன்று உமாதேவியின் காதில் விழுந்தால், 'அவதானா' என்று முடிந்துவிடும். அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் கைபேசியின் அருகில் குனிந்தாள்.

"மேடம், கிருபா பேசுதேன்."

"கிருபாவா? நீ எங்க அங்கன? அந்தப் புத்தகம் பக்தி வரிசைக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் வச்சேன் மேடம். வேற யாரும் எடுக்கக் கூடாதுன்னு. நேத்து மிஸ்ரியா பை கனமா இருக்குன்னு ஜோயல்கிட்ட சொன்னதும் நான்தான்."

தெருவில் யாரோ வாழைப்பழ விலை கூவிக்கொண்டு போனார்கள். லோகநாயகி காலை அசைக்காமல், கண்ணையும் எடுக்காமல் கிருபாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய போகக் கூடாத புத்தகந்தான், ஆனா நம்ம கையாலதான் வாசகர் வீட்டுக்குப் போயிருக்கு, காணாமப் போகல. அண்ணாச்சிகிட்ட அப்படியே சொல்லிருவேன்" என்றார் உமாதேவி கடைசியில். "மத்ததை நீ சொல்லணும். நாளைக்கு, எல்லாரும் இருக்கும்போது. மிஸ்ரியா வந்த பிறகு. லோகநாயகி, நீங்க முடிச்சிட்டே குடுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நெல்லையப்பன் கோபப்படவே இல்லை. தான் வாங்கிக் கொடுத்த புத்தகத்தைக் குற்றாலத்தில் கால் ஒடிந்த ஒரு பெண் விடாமல் படிக்கிறாள் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பரீட்சைக்காரனத் தவிர வேற ஒரு ஆளு படிக்குன்னா அதுதான்யா புத்தகம்" என்று இரண்டு முறை சொன்னார். கிருபா எழுந்து நின்றபோது அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார், உமாதேவிதான் நிறுத்தினார்.

கிருபா சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தும் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. புத்தகத்தை ஒளித்தது, பையைப் பற்றிச் சொன்னது, குற்றாலத்துக்கு யாருக்கும் தெரியாமல் போனது. மிஸ்ரியா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி" என்றார் உமாதேவி. "இவ ஒருத்திதான் ஒளிச்சாளா?"

ஹாலில் நாற்காலிகள் நெளிந்தன.

"நேத்து சாயங்காலம் அலமாரியைப் பாத்தேன். மறுபடியும் ரெண்டுதான் நிக்கி. போய் எடுத்துட்டு வாங்க. இப்பவே."

ஜோயல் தலையைச் சொறிந்துகொண்டு மலையாள அலமாரிக்குப் போனான். இன்னொருத்தி நாற்காலியை இழுத்தாள். தொகுதிகளோடு நிற்கவில்லை. பழைய வினாத்தாள் கட்டுகள், ஒரு அட்லஸ், எப்போதோ காணாமல் போன இலக்கணப் புத்தகம் என்று மூலை முடுக்கெல்லாம் வெளியே வந்தன. நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஏலே, படிச்ச நேரத்தவிட ஒளிச்ச நேரம் கூட இருக்கும் போலயே" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு உமாதேவி, இனிமேல் ஹால் மூடும் முன் ஐந்தையும் அவர் மேசையில் கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் யாரும் வெளியேற வேண்டும், மறுநாள் எந்தப் புத்தகம் யாருக்கு என்பதை அவரே முறை வைத்துச் சொல்வார் என்றார். ஹால் பூட்டப்படவில்லை. கிருபாவுக்குப் பொருளாதாரத்தில் கடைசி முறை.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது மிஸ்ரியா குடையை விரித்துக்கொண்டு பேருந்துக்கு நின்றாள். கிருபா கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு கிட்டப் போனாள்.

"ஏட்டி, ஒனக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமையே சொல்லிருக்கலாம்லா. பையக் கவுத்தும்போதாச்சும்."

"சொன்னா? 'நான் எங்க வச்சேன், இவ பொய் சொல்லுதா'ன்னு நீ சொல்லிருப்ப. அங்கன இருந்தவங்க யாரு பேச்ச நம்பிருப்பாங்க?" மிஸ்ரியா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதான் முதல்ல புத்தகத்தக் கையில வாங்குவோம்னு போனேன்."

"வாங்கிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

மிஸ்ரியா யோசித்தாள். உண்மையாகவே யோசிக்கிறாளா, யோசிப்பது போல இருக்கிறாளா என்று கிருபாவால் சொல்ல முடியவில்லை.

"தெரியல. அந்த அம்மா குடுக்கல, அதனால அதுக்கு மேல நான் யோசிக்கல" என்றாள்.

"மேடத்துகிட்ட குடுத்திருப்பியா?"

"நம்பணும்னா நம்பு. இல்லைன்னா விடு. இனிமே உன் சோதனைக்கெல்லாம் நான் பதில் சொல்லதா இல்ல."

தென்காசிப் பேருந்து வந்தது. மிஸ்ரியா ஏறி, முன்பக்கம் பெண்கள் வரிசையில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. கிருபாவைக் கூப்பிடவும் இல்லை, அங்கே வேறு யாரையும் உட்காரச் சொல்லவும் இல்லை. நடத்துநர் விசில் அடிக்கும் வரை கிருபா படியருகே நின்று, அதற்கு என்ன அர்த்தம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.